2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்: கேரக்டர் போட நல்ல புத்தகம், தகராறு தீர்க்க முக்கால் புத்தகம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராக, அதாவது கற்பனைப் பாத்திரமாக, டைஸ் உருட்டி ஆடும் கதை ஆட்டம்) ஆடுகிறவர்கள் விதிப் புத்தகத்தை இரண்டு சமயத்தில்தான் திறக்கிறார்கள். புது கேரக்டர் போடும்போது ஒன்று. ஆட்டத்தின் நடுவில் "இரு இரு, அது அப்படி இல்லையே" என்று யாராவது கையைத் தூக்கும்போது இன்னொன்று. படம் நன்றாக இருக்கிறதா, அட்டை பளபளக்கிறதா என்பதெல்லாம் வாங்கிய முதல் வாரத்தோடு சரி. ஆகவே இந்த இரண்டு வேலையை வைத்தே புத்தகத்தை எடை போட்டுப் பார்க்கலாம்.

ஆட்டத்தை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் இந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கை 2024 செப்டம்பர் 17 அன்று வெளியிட்டது. விலை 49.99 டாலர். பக்கங்கள் 384; 2014 பதிப்பில் 320 தான். 12 கிளாஸ் (கேரக்டரின் தொழில்), கிளாஸுக்கு நான்காக 48 சப்கிளாஸ் (அதன் உட்பிரிவு), 10 ஸ்பீசிஸ் (முன்பு இனம் என்றது), 16 பேக்கிரவுண்ட் (முன்கதை), 75 ஃபீட் (சிறப்புத் திறமை), 391 ஸ்பெல் (மந்திரம்). வெளியீட்டாளர் இதை ஆறாம் பதிப்பு என்று சொல்வதில்லை. ஐந்தாம் பதிப்புதான், திருத்தி எழுதியிருக்கிறார்கள். அடித்தளம் அதேதான் என்பதால், பழைய பழக்கத்திலேயே ஆடிக்கொண்டு போய்விட்டு நடுவில் மாட்டிக்கொள்வது சுலபம்.

கேரக்டர் போடுவது

பழைய புத்தகம் கேரக்டர் போடுவதில் ஆரம்பித்து, எப்படி ஆடுவது என்பதைப் பின்னால் தள்ளிவைத்திருந்தது. ஆட்டமே தெரியாதவரிடம் "உன் ஏ.சி. என்ன?" என்று, அதாவது உன்மேல் அடி விழ எதிரி எட்ட வேண்டிய எண் என்ன என்று, கேட்ட கதை. இதில் முதல் அத்தியாயமே ஆட்டம் எப்படி நடக்கிறது என்பதுதான். இரண்டாவதில் கேரக்டர் போடும் படிகள், மூன்றில் கிளாஸ்கள், நான்கில் பேக்கிரவுண்டும் ஸ்பீசிஸும், ஐந்தில் ஃபீட், ஆறில் ஆயுதம், கவசம், சாமான், ஏழில் ஸ்பெல். வரிசை சரி. ஆனால் ஒரே ஒரு முதல் லெவல் கேரக்டருக்கு இரண்டிலிருந்து ஏழு வரை எல்லா அத்தியாயத்துக்கும் போய்வர வேண்டும். ஆறு துண்டுக் காகிதம் செருகிக்கொண்டு உட்காருவது நல்லது.

படிகள் ஐந்து: கிளாஸ், ஆரிஜின் (அதாவது பேக்கிரவுண்ட், ஸ்பீசிஸ், மொழிகள்), ஆறு எபிலிட்டி எண்கள் (பலம், அறிவு போன்ற அடிப்படைத் திறன்கள்), அலைன்மென்ட் (நல்லவரா கெட்டவரா என்ற குணச்சார்பு), பிறகு மீதி விவரங்களை நிரப்புவது. முன்பு இனத்தைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் கிளாஸ். இப்போது கிளாஸ் முதலில். நல்ல மாற்றம், ஏனென்றால் மற்ற எல்லாத் தேர்வும் கிளாஸுக்கு எது தேவை என்பதைப் பொறுத்துத்தான் நடக்கிறது.

படிகள் எப்படி ஓடுகின்றன என்று பார்க்க ஒரு டுவார்ஃப் கிளெரிக்கை, அதாவது குள்ள இனத்துப் பூசாரியை, போட்டுப் பார்ப்போம். கிளாஸ் கிளெரிக், முக்கிய எபிலிட்டி விஸ்டம். பேக்கிரவுண்ட் ஃபார்மர், அதாவது விவசாயி: எண் கூட்டிக்கொள்ள அது தரும் மூன்று எபிலிட்டி ஸ்ட்ரெங்த், கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி), விஸ்டம், கூடவே டஃப் என்ற ஃபீட். எண்களுக்கு ஸ்டாண்டர்ட் அரே என்ற தயார் வரிசை: 15, 14, 13, 12, 10, 8. கிளாஸ்வாரியாக இவற்றை எங்கே வைப்பது என்று புத்தகத்திலேயே ஒரு அட்டவணை இருக்கிறது. புதியவர்களுக்கு இந்தப் புத்தகத்தில் இருப்பதிலேயே உபயோகமான பக்கம் அதுதான். கிளெரிக்குக்கு அது சொல்வது: ஸ்ட்ரெங்த் 14, டெக்ஸ்டெரிட்டி (உடல் லாவகம்) 8, கான்ஸ்டிட்யூஷன் 13, இன்டெலிஜன்ஸ் 10, விஸ்டம் 15, கரிஸ்மா 12. பேக்கிரவுண்டின் +2 விஸ்டமுக்கு, +1 கான்ஸ்டிட்யூஷனுக்கு. விஸ்டம் 17, கான்ஸ்டிட்யூஷன் 14 ஆயிற்று. விஸ்டம் ஒற்றைப்படையில் நிற்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். நான்காம் லெவலில் எடுக்கும் ஜெனரல் ஃபீட்கள் ஒரு எபிலிட்டிக்கு +1 சேர்த்தே தருகின்றன. வார் காஸ்டர் எடுத்தால் விஸ்டம் 18 ஆகிவிடும்.

ஹிட் பாயிண்ட் (எவ்வளவு அடி தாங்கலாம் என்ற எண்) கணக்கில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். கிளெரிக்குக்கு 8, கான்ஸ்டிட்யூஷன் மாடிஃபையர் (எபிலிட்டி எண்ணைப் பொறுத்த கூட்டல் கழித்தல்) 2, டஃப் ஃபீட் 2, டுவார்ஃபுக்கு 1. மொத்தம் 13. டஃப் தரும் 2, டுவார்ஃப் தரும் 1 இரண்டும் ஒருமுறை மட்டும் வருவதல்ல, ஒவ்வொரு லெவலுக்கும் உண்டு. இரண்டாம் லெவலில் டைஸ் உருட்டாமல் நிலையான எண்ணை எடுத்தால் 5+2+2+1, ஆக 10 கூடி 23. இதை மறந்து 7 மட்டும் கூட்டிக்கொண்டே போனால் ஐந்தாம் லெவலில் 12 பாயிண்ட் குறைவாக நிற்பீர்கள்.

இனி கவசம். சாமான் பட்டியலில் கிளெரிக்குக்கு இரண்டு வழி. ஒன்று ரெடிமேட் மூட்டை: செயின் ஷர்ட், ஷீல்டு, மேஸ், ஹோலி சிம்பல், பிரீஸ்ட்ஸ் பேக், 7 பொற்காசு. இரண்டாவது 110 பொற்காசு ரொக்கம். புதியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மூட்டையை எடுக்கிறார்கள். செயின் ஷர்ட் 13, அதோடு டெக்ஸ்டெரிட்டி மாடிஃபையர் சேரும். நம் ஆளுக்கு அது −1. ஷீல்டுக்கு 2. ஆக ஏ.சி. 14. இதே ஆள் முதல் லெவலில் டிவைன் ஆர்டர் என்ற கிளெரிக் தேர்வில் புரொடெக்டரை எடுத்தால் கனமான கவசம் போடப் பயிற்சி வந்துவிடும். அப்போது ரொக்கத்தை வாங்கி செயின் மெயில் 75, ஷீல்டு 10, மேஸ் 5, ஹோலி சிம்பல் 5 என்று செலவழித்தால் கையில் 15 மிஞ்சும். ஏ.சி. 18! செயின் மெயிலுக்கு டெக்ஸ்டெரிட்டி சேராது, அதனால் −1 தொல்லையும் இல்லை. ஸ்ட்ரெங்த் 13 கேட்கும், நம்மிடம் 14 இருக்கிறது. ஃபார்மர் பேக்கிரவுண்ட் தரும் 30-ஐயும் சேர்த்தால் 45. பிரீஸ்ட்ஸ் பேக் 33 போக 12 மீதம். ஒரே கேரக்டர், ஒரே புத்தகம், நான்கு ஏ.சி. வித்தியாசம். புரொடெக்டரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் "அப்படியானால் மூட்டையை எடுக்காதே" என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். இல்லை. செயின் மெயில் போட்டால் ஸ்டெல்த்துக்கு (பதுங்குவதற்கு) டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிச் சிறியதை எடுப்பது; அட்வான்டேஜ் என்றால் பெரியதை) என்பது மட்டும் நினைவிருக்கட்டும். டெக்ஸ்டெரிட்டி 8 வைத்த ஆள் எப்படியும் பதுங்கிப் போகப்போவதில்லை.

ஸ்பெல் சேவ் டி.சி., அதாவது நம் ஸ்பெல்லிலிருந்து தப்ப எதிராளி உருட்டி எட்ட வேண்டிய எண்: 8 + புரொஃபிஷியன்சி போனஸ் (லெவலோடு வளரும் தேர்ச்சி எண்) 2 + விஸ்டம் மாடிஃபையர் 3, ஆக 13. ஸ்பெல் அட்டாக் +5. கான்ட்ரிப் (எத்தனை முறையும் போடக்கூடிய சின்ன ஸ்பெல்) மூன்று, தயார் செய்துகொள்ளும் ஸ்பெல் நான்கு, முதல் லெவல் ஸ்லாட் (ஸ்பெல் போடச் செலவாகும் இருப்பு) இரண்டு. முன்பு எத்தனை ஸ்பெல் தயார் செய்யலாம் என்பதற்கு விஸ்டம் மாடிஃபையரையும் லெவலையும் கூட்ட வேண்டும். இப்போது கிளாஸ் அட்டவணையில் நேராக எண்ணே இருக்கிறது. கிளெரிக்கின் சப்கிளாஸான டொமைன் முதல் லெவலில் கிடையாது. எல்லா கிளாஸுக்கும் சப்கிளாஸ் மூன்றாம் லெவலில்தான். முதல் நாளே எந்தத் தெய்வம், எந்த டொமைன் என்று முழித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஸ்டாண்டர்ட் அரே பிடிக்காதவர்களுக்கு 27 பாயிண்ட் வழி இருக்கிறது. 8-க்கு 0, அங்கிருந்து 13 வரை ஒவ்வொரு படிக்கும் ஒரு பாயிண்ட், 14-க்கு 7, 15-க்கு 9. கூட்டிப் பார்த்தால் ஸ்டாண்டர்ட் அரேயும் சரியாக 27 தான் வருகிறது. ஆகவே இரண்டையும் ஒரே மேசையில் கலக்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை. நான்கு டைஸ் உருட்டிச் சிறியதைக் கழிக்கும் மூன்றாவது வழியைக் கலக்காதீர்கள். ஒருவருக்கு 18, 16, 15 விழுந்து, பக்கத்தில் இருப்பவருக்கு 13-க்கு மேல் ஒன்றும் விழாவிட்டால் அந்த வித்தியாசம் கடைசி ஆட்டம் வரைக்கும் கூடவே வரும்.

பேக்கிரவுண்ட் விவகாரம்

இந்தப் புத்தகத்தின் பெரிய குறை இங்கேதான். 2014-ல் எபிலிட்டி போனஸ் இனத்தோடு ஒட்டியிருந்தது. 2020-ல் வந்த துணைப் புத்தகம் அதை அவிழ்த்துவிட்டு, எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்றது. 2024-ல் அதை மறுபடி கட்டிப்போட்டிருக்கிறார்கள், இந்த முறை பேக்கிரவுண்டோடு. ஒவ்வொரு பேக்கிரவுண்டும் மூன்று எபிலிட்டியைச் சொல்லும். அதில் ஒன்றுக்கு +2, இன்னொன்றுக்கு +1. அல்லது மூன்றுக்கும் தலா +1. வேறெங்கும் வைக்க முடியாது.

விளைவு என்ன? பார்பேரியனுக்கு ஸ்ட்ரெங்த்தும் கான்ஸ்டிட்யூஷனும் வேண்டும். பதினாறு பேக்கிரவுண்டில் இரண்டும் சேர்ந்து இருப்பது சோல்ஜரிலும் ஃபார்மரிலும் மட்டும். பாலடினுக்கு ஸ்ட்ரெங்த்தும் கரிஸ்மாவும். அது நோபிளிலும் என்டர்டெய்னரிலும்தான். ஆக புனிதப் போர்வீரர் என்றால் ஒன்று பெரிய இடத்துப் பிள்ளை, இல்லையென்றால் கூத்துக்காரர். கோயிலில் வளர்ந்த பாலடின் வேண்டும் என்று அகோலைட்டை எடுத்தால் ஸ்ட்ரெங்த்துக்கு ஒன்றும் கிடைக்காது: அகோலைட் தருவது இன்டெலிஜன்ஸ், விஸ்டம், கரிஸ்மா. பாலடின் என்றதும் பலருக்கு முதலில் தோன்றும் கதையே அதுதான்!

பேக்கிரவுண்ட் ஆரிஜின் ஃபீட்டையும் (முதல் லெவலில் கிடைக்கும் ஃபீட்) தீர்மானித்துவிடுகிறது என்பதால் கட்டு இன்னும் இறுகுகிறது. கிரிமினலுக்கும் கார்டுக்கும் அலெர்ட், சேஜுக்கு விஸார்ட் பட்டியலிலிருந்து மேஜிக் இனிஷியேட், சோல்ஜருக்குச் சாவேஜ் அட்டாக்கர், மெர்ச்சன்டுக்கும் வேஃபேரருக்கும் லக்கி. மனிதராக ஆடினால் கூடுதலாக ஒரு ஆரிஜின் ஃபீட்டை இஷ்டப்படி எடுத்துக்கொள்ளலாம். இந்த இறுக்கத்திலிருந்து பாதி தப்பிக்க இந்தப் புத்தகத்துக்குள்ளேயே இருக்கும் வழி அது ஒன்றுதான்.

சொந்தமாக பேக்கிரவுண்ட் செய்யும் விதி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதை 2024 நவம்பரில் வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் வைத்தார்கள். கேரக்டர் போடுகிறவருக்குத் தேவையான விதியை, கேரக்டர் போடுகிறவர் வாங்காத புத்தகத்தில் வைத்ததற்கு என்ன நியாயம் என்று தெரியவில்லை. விதி ரொம்பச் சின்னது: மூன்று எபிலிட்டி, ஒரு ஆரிஜின் ஃபீட், இரண்டு ஸ்கில், ஒரு டூல், கொஞ்சம் சாமான். டிஎம் (ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர்) சம்மதித்தால் முதல் நாளிலிருந்தே இதைத் திறந்துவிடுங்கள். ஆட்டச் சமநிலை ஒன்றும் கெட்டுப்போகாது.

பழைய புத்தகங்களிலிருந்து இனத்தையோ பேக்கிரவுண்டையோ கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு சின்னப் பெட்டிச் செய்தி இருக்கிறது. தேடிப் படியுங்கள், பாதிப் பேர் தாண்டிப்போய்விடுகிறார்கள். பழைய இனத்தில் எபிலிட்டி போனஸ் இருந்தால் அது செல்லாது. பழைய பேக்கிரவுண்டில் போனஸ் இல்லையென்றால் +2/+1 அல்லது மூன்று +1 நீங்களே வைத்துக்கொள்ளலாம். ஃபீட் இல்லையென்றால் ஒரு ஆரிஜின் ஃபீட் எடுத்துக்கொள்ளலாம். இந்த மூன்று வரியைப் படிக்காததால்தான் சிலர் இரண்டு இடத்திலிருந்தும் போனஸ் எடுத்து முதல் லெவலிலேயே 18, 19 என்று வந்து நிற்கிறார்கள். இன்னொரு வேடிக்கை: இந்தப் பெட்டியின்படி, பழைய பேக்கிரவுண்டோடு வருகிறவருக்குப் புதியதை எடுப்பவரைவிடச் சுதந்திரம் அதிகம்.

விதித் தகராறுகள்

இந்தப் பதிப்பின் உண்மையான லாபம் கடைசியில், மூன்றாவது பின்னிணைப்பில் இருக்கிறது. ரூல்ஸ் கிளாசரி. ஆட்டத்தில் வரும் கலைச்சொல் ஒவ்வொன்றும் அகர வரிசையில், ஒவ்வொன்றுக்கும் சில வரி. கிராப்பிள் (எதிரியைப் பிடித்து நிறுத்துவது), ஹைட் (ஒளிவது), கான்சென்ட்ரேஷன் (போட்ட ஸ்பெல்லைக் கலையாமல் பிடித்துவைப்பது), அரைமறைப்பு, முழுமறைப்பு எல்லாம் ஒரே இடத்தில். பழைய புத்தகத்தில் ஒரு கேள்விக்குப் பதில் மூன்று அத்தியாயத்தில் சிதறிக் கிடக்கும். இப்போது மேசையில் சந்தேகம் வந்தால் நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போனால் போதும், அநேகமாக ஒரு நிமிடத்துக்குள் பதில் கிடைத்துவிடும்.

பல பழைய சச்சரவுகள் இதில் முடிந்துவிட்டன. சர்ப்ரைஸ் ஆனவர் இப்போது முதல் சுற்றையே இழப்பதில்லை, இனிஷியேட்டிவ் (சண்டையில் யார் முதலில் என்ற வரிசை) உருட்டும்போது டிஸ்அட்வான்டேஜ் மட்டும். கிராப்பிளுக்கு இருவரும் உருட்டி ஒப்பிடுவது போய்விட்டது. அது அன்ஆர்ம்டு ஸ்ட்ரைக்கின் (வெறுங்கை அடி) ஒரு வகை, பிடிபடுகிறவர் ஸ்ட்ரெங்த் அல்லது டெக்ஸ்டெரிட்டி சேவ் போடுகிறார், டி.சி. என்பது 8 + பிடிப்பவரின் ஸ்ட்ரெங்த் மாடிஃபையர் + புரொஃபிஷியன்சி போனஸ். எக்ஸாஷனுக்கு (களைப்பு) ஆறு நிலைக்கு ஆறு தனித்தனித் தண்டனை என்ற அட்டவணை ஒழிந்தது: நிலைக்கு 2 வீதம் டி20 (இருபது பக்க டைஸ்) உருட்டல்களில் கழியும், நிலைக்கு 5 அடி வீதம் வேகம் குறையும், ஆறில் மரணம். மருந்துக் குப்பியைக் குடிப்பது, தன் முறை வரும்போது செய்யும் சிறு கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷன் என்று அச்சிலேயே வந்துவிட்டது. முக்கால்வாசி மேசைகள் ஏற்கெனவே அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தன. கவுன்டர்ஸ்பெல்லுக்கு (அடுத்தவர் போடும் ஸ்பெல்லைத் தடுக்கும் ஸ்பெல்) எதிராளி கான்ஸ்டிட்யூஷன் சேவ் போடுகிறார். தோற்றாலும் அவருடைய ஸ்லாட் வீணாவதில்லை.

ஒருவர் தன் ஒரு முறையில் எத்தனை ஸ்பெல் போடலாம் என்ற கேள்வி பத்து வருடச் சண்டை. பழைய விதி போனஸ் ஆக்‌ஷன் ஸ்பெல்லை மையமாக வைத்து எழுதப்பட்டது, வாசித்தவர்களில் பாதிப் பேருக்கு அது புரியவில்லை. புதியது ஒரே வரி: உங்கள் ஒரு முறையில் ஒரு ஸ்பெல் ஸ்லாட்தான் செலவழிக்கலாம். கான்ட்ரிப்புக்கு ஸ்லாட் கிடையாது, ஆகவே ஹீலிங் வேர்டு போட்டுவிட்டு சேக்ரட் ஃபிளேம் போடலாம். ஃபீட் மூலமாக ஸ்லாட் இல்லாமல் கிடைக்கும் ஸ்பெல்லும் இந்தக் கணக்கில் வராது. ஃபயர்பால் போடும்போது எதிராளி அதைத் தடுக்க வந்தால், உங்கள் முறையிலேயே உங்கள் ஸ்லாட்டில் திருப்பிக் கவுன்டர்ஸ்பெல் போட முடியாது. பழைய விதியில் முடியும். இந்த ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், விஸார்ட் ஆடுகிறவர் சும்மா இருக்கமாட்டார்.

பாலடின் ஆடுகிறவரும்தான். டிவைன் ஸ்மைட் இப்போது ஒரு ஸ்பெல். அடி விழுந்த உடனே போனஸ் ஆக்‌ஷனாகப் போட வேண்டும், முதல் லெவல் ஸ்லாட்டில் 2டி8 (எட்டுப் பக்க டைஸ் இரண்டு), பேய்பிசாசு வகையறாவுக்கு இன்னொரு டி8. ஆக ஒரு முறைக்கு ஒன்றுதான். அடுத்தவர் முறையில் விழும் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்கில் (எதிரி விலகிப் போகும்போது கிடைக்கும் அடி) போட முடியாது, ஏனென்றால் போனஸ் ஆக்‌ஷன் உங்கள் முறையில் மட்டும்தான். வாய்விட்டுச் சொல்ல வேண்டிய ஸ்பெல் என்பதால் சத்தத்தை அடக்கும் சைலன்ஸ் ஸ்பெல்லுக்குள் வேலை செய்யாது. பார்பேரியன் லெவலும் கலந்து வைத்திருப்பவர் ரேஜில் (பார்பேரியனின் வெறி நிலை) இருக்கும்போது ஸ்பெல்லே போட முடியாது, ஸ்மைட்டும் போயிற்று. பழைய கணக்கில் இரண்டு அடிக்கும் இரண்டு ஸ்லாட்டைக் கொட்டி ஒரே முறையில் டிராகனைச் சாய்த்தவர்களுக்கு இது வலிக்கும். கூட ஆடுகிற மற்றவர்களுக்கு நல்லது.

வெப்பன் மாஸ்டரி, அதாவது ஆயுதத்துக்கு ஆயுதம் மாறும் கூடுதல் விளைவு, புதுச் சேர்க்கை. எட்டு வகை: கிளீவ், கிரேஸ், நிக், புஷ், சாப், ஸ்லோ, டாப்பிள், வெக்ஸ். ஃபைட்டருக்கு முதல் லெவலில் மூன்று ஆயுதம், பார்பேரியன், பாலடின், ரேஞ்சர், ரோக் நால்வருக்கும் இரண்டு. வாள் சுற்றுகிறவர்களுக்கும் தேர்வு செய்ய ஏதோ இருக்கிறது என்பது சந்தோஷம். சிக்கல் இரண்டு. எதிரியைக் கீழே தள்ளும் டாப்பிள் ஆயுதம் ஒவ்வொரு அடிக்கும் ஒரு கான்ஸ்டிட்யூஷன் சேவ் கேட்கும். இரண்டு அடி அடிக்கும் ஃபைட்டர் மால் (பெரிய சுத்தியல்) எடுத்தால் டிஎம் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். டி.சி.யை ஒரு சீட்டில் எழுதி டிஎம் முன்னால் வைத்துவிட்டால் நேரம் மிச்சம். அடுத்தது நிக். லைட் ஆயுதம் இரண்டு வைத்திருந்தால் போனஸ் ஆக்‌ஷனில் இரண்டாவது ஆயுதத்தால் ஒரு கூடுதல் அடி, அதன் டேமேஜுக்கு மாடிஃபையர் சேராது: இது லைட் விதி. நிக் செய்வதெல்லாம் அந்த அடியையே அட்டாக் ஆக்‌ஷனுக்குள் கொண்டுவருவது. போனஸ் ஆக்‌ஷன் மிஞ்சுகிறது, அவ்வளவுதான். நிக்குக்கு ஒன்று, லைட்டுக்கு ஒன்று என்று இரண்டு கூடுதல் அடி அடிப்பவர்கள் தப்பாக ஆடுகிறார்கள். ரோகுக்கு இது வரப்பிரசாதம்: ஷார்ட்சோர்டு, சிமிட்டர் இரண்டாலும் அடித்துவிட்டு, போனஸ் ஆக்‌ஷனில் நழுவிப் போகலாம்.

கணினியில் பால்டர்ஸ் கேட் 3 ஆடிவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது 2014 விதிகளின் மேல், அவர்களே மாற்றிக்கொண்ட பலதையும் சேர்த்துக் கட்டியது. அதில் ஷவ் (எதிரியைத் தள்ளுவது) போனஸ் ஆக்‌ஷன். இங்கே அது ஒரு அடிக்குப் பதிலாகச் செய்வது.

ஒளிந்துகொள்வது

முக்கால் புத்தகம் என்று தலைப்பில் சொன்னதற்குக் காரணம் இந்த ஒரு விதி. எழுதியிருப்பது இதுதான்: கனமான இருட்டு அல்லது புகைக்குள்ளோ, முக்கால் அல்லது முழு மறைப்புக்குப் பின்னாலோ, எந்த எதிரியின் பார்வையிலும் படாமல் இருந்தால் ஹைட் ஆக்‌ஷன் எடுக்கலாம். டெக்ஸ்டெரிட்டி ஸ்டெல்த், டி.சி. 15. ஜெயித்தால் உங்களுக்கு இன்விசிபிள் (கண்ணுக்குத் தெரியாத) நிலை. உங்கள் மொத்த எண், உங்களைக் கண்டுபிடிக்க மற்றவர்கள் போடும் பெர்செப்ஷனுக்கு (கவனித்துப் பார்க்கும் உருட்டல்) டி.சி. ஆகிறது. கிசுகிசுப்பைவிடப் பெரிய சத்தம், அட்டாக் ரோல், வாய்விட்டுச் சொல்லும் ஸ்பெல், எதிரி உங்களைக் கண்டுபிடிப்பது: இவற்றில் எது நடந்தாலும் உடனே அதன் பிறகு நிலை கலையும்.

இப்போது ஒரு ரோக் (பதுங்கித் தாக்கும் கிளாஸ்). டெக்ஸ்டெரிட்டி 17, ஸ்டெல்த்தில் எக்ஸ்பர்டீஸ் (இரட்டைத் தேர்ச்சி), ஆக +7. தூணுக்குப் பின்னால் போய் 12 உருட்டினார், மொத்தம் 19. ஒளிந்தாயிற்று. காவலாளி விளக்கு வெளிச்சத்தில் 20 அடி தள்ளி நிற்கிறான். ரோக் தூணைவிட்டு வெளியே வந்து அவனை நோக்கி நடக்கிறார். சத்தம் போடவில்லை, அடிக்கவில்லை. இன்விசிபிள் நிலை இருக்கிறதா, இல்லையா?

எழுத்துப்படி பார்த்தால், மறைப்பைவிட்டு வெளியே வந்தால் நிலை கலையும் என்று அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே காவலாளி ஒரு ஆக்‌ஷன் செலவழித்துத் தேடி 19 எடுக்கும்வரை ரோக் அவன் மூக்குக்கு முன்னால் நின்று கையாட்டலாம் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எதிர்த்தரப்பு, "எதிரி கண்டுபிடித்தால்" என்பதற்குள் கண்ணால் பார்ப்பதும் அடங்கும் என்கிறது. அப்படியே எடுத்தாலும் சங்கடம்: தூணைவிட்டு ஒரு அடி வெளியே வைத்தாலே ஒளிவு போய்விடும், பின்னால் போய்க் குத்துவது என்ற ரோக் வேலையே நடக்காது. மந்திரத்தால் மறைந்தவருக்கும் தூணுக்குப் பின்னால் பதுங்கியவருக்கும் ஒரே நிலையைக் கொடுத்ததுதான் கோளாறின் வேர்.

முதல் அத்தியாயத்தில் ஒரு வரி இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒளிந்துகொள்ளச் சூழ்நிலை பொருத்தமா என்பதை டிஎம் முடிவு செய்கிறார். அதை வைத்து மேசையில் இப்படி ஆடலாம். காவலாளி வேறுபக்கம் பார்த்தபடி நின்றாலோ கவனம் சிதறியிருந்தாலோ, ரோக் அந்த முறையிலேயே அவனை எட்டிவிட்டால் முதல் அடிக்கு அட்வான்டேஜ் உண்டு. அவன் நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் வெளிச்சத்தில் நடந்தால் கண்டுபிடித்ததாகக் கணக்கு. வெளியில் நின்றபடி தன் முறையை முடித்தாலும் அதே கணக்கு. ஆட்டம் தொடங்கும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும், ரோக் ஆடுகிறவர் தூணைவிட்டு வெளியே வந்த பிறகு அல்ல.

ஸ்பெல் போடக் கை காலியாக இருக்க வேண்டுமா என்ற கை விவகாரமும் புத்தகத்தில் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் இரண்டு இடத்தில் பிரிந்து கிடக்கிறது. நம் டுவார்ஃப் கிளெரிக்குக்கு ஒரு கையில் மேஸ், மறுகையில் ஷீல்டு. ஹோலி சிம்பலை எம்பிளமாக வாங்கி ஷீல்டில் பொறித்துக்கொண்டால், பொருள் தேவைப்படும் ஸ்பெல்லுக்கு அந்தக் கையே சைகையும் செய்துவிடும்: பிளெஸ், ஷீல்டு ஆஃப் ஃபெய்த் இரண்டுக்கும் கவலை இல்லை. சைகை மட்டும் உண்டு, பொருள் இல்லை என்னும் ஸ்பெல்லுக்கு வெறும் கை வேண்டும். க்யூர் வூண்ட்ஸ், கைடிங் போல்ட், சேக்ரட் ஃபிளேம் எல்லாம் இந்த வகை. ஹீலிங் வேர்டும் கமாண்டும் வாயால் மட்டும், எப்போதும் போடலாம். முதல் சில லெவலில் மேஸை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு கான்ட்ரிப்பால் சமாளிப்பதுதான் எளிய வழி. நான்காம் லெவலுக்கு வார் காஸ்டரைப் பரிந்துரைத்ததற்கு இதுவும் காரணம். ஆயுதமும் ஷீல்டும் பிடித்த கையாலேயே சைகை செய்ய அது விடும். கான்சென்ட்ரேஷன் சேவுக்கு அட்வான்டேஜும் தரும். டேமேஜில் பாதி அல்லது 10, எது அதிகமோ அதுதான் அந்த சேவின் டி.சி., உச்சம் 30.

வாங்கலாமா

2014 புத்தகத்தோடு ஒரு தொடர் ஆட்டத்தின் நடுவில் இருப்பவர்கள் அது முடியும்வரை மாற வேண்டாம். ஒரே பெயரில் இரண்டு பதிப்பு ஸ்பெல்லும் ஃபீட்டும் மேசையில் இருந்தால் ஒவ்வொரு முறையும் "எந்த வருடத்து க்யூர் வூண்ட்ஸ்?" என்று கேட்டுக்கொண்டிருக்க நேரும், புதியதில் அது 2டி8, பழையதில் 1டி8. புதிதாகத் தொடங்கும் மேசைக்கு இந்தப் பதிப்பேதான், தயக்கம் வேண்டாம்.

ஆனால் ஆளுக்கொன்று வாங்க வேண்டியதில்லை. 2025 ஏப்ரலில் அடிப்படை விதிகள் அடங்கிய எஸ்ஆர்டி 5.2 என்ற ஆவணத்தை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியிட்டுவிட்டார்கள். ரூல்ஸ் கிளாசரி, 12 கிளாஸ், அரக்கர்கள் எல்லாம் அதில் உண்டு. குறைவது தேர்வுகள்: கிளாஸுக்கு ஒரு சப்கிளாஸ், ஒன்பது ஸ்பீசிஸ் (ஆசிமர் இல்லை), பேக்கிரவுண்டில் அகோலைட், கிரிமினல், சேஜ், சோல்ஜர் நான்கு மட்டும். முதல் சில ஆட்டத்துக்கு அது தாராளம். மேசைக்கு ஒரு அச்சுப் புத்தகம் டிஎம் கையில், மற்றவர்கள் போனில் எஸ்ஆர்டி என்று வைத்துக்கொள்ளலாம். மேலே போட்ட கிளெரிக்கை எஸ்ஆர்டியிலிருந்து போடுகிறவர் ஃபார்மருக்குப் பதில் சேஜை எடுக்க வேண்டும். விஸ்டம் 17, கான்ஸ்டிட்யூஷன் 14 அப்படியே வரும். டஃப் போய், ஹிட் பாயிண்ட் 13-க்குப் பதில் 11.